பல லைன் கார்ட்லெஸ் போன் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் இருந்தோம். போன் வாங்க வேண்டும் என்றதும் பெட்டியில் "6 ஹேண்ட்செட் வரை சேர்க்கலாம்" என்று போட்டிருந்த ஒரு கார்ட்லெஸ் செட்டை வாங்கி, ஆளுக்கு ஒன்றாக மேசையில் வைத்துவிட்டோம். மறுநாள் நான் ஒரு வாடிக்கையாளரிடம் கணக்கு விவரம் பேசிக்கொண்டிருக்கிறேன், அடுத்த அறையில் இருந்தவர் வெளியே ஒரு எண்ணுக்குப் பேசலாம் என்று தன் ஹேண்ட்செட்டை எடுத்து பட்டனை அழுத்துகிறார். சட்டென்று எங்கள் பேச்சுக்கு நடுவில் "பீப், பீப்" என்று சத்தம். "யார் லைன்ல?" என்று வாடிக்கையாளர் கேட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தத் தொகையையும் போனில் சொல்லவே இல்லை, எல்லாவற்றையும் நேரில் வந்துதான் பேசினார்.

போனில் பழுது எதுவும் இல்லை. அது ஒரே லைன் போன், ஹேண்ட்செட் மட்டும் ஆறு. இந்தக் குழப்பம்தான் இந்த விஷயத்தில் மிக அதிகமாக நடக்கிறது, பெட்டியில் இருக்கும் எழுத்துகளும் அதைத் தெளிவுபடுத்துவதில்லை. அதனால் முதலில் இதைச் சரிசெய்துகொண்டு மேலே போகலாம்.

மூன்று எண்கள், மூன்றும் வேறு வேறு

லைன் என்பது வெளியிலிருந்து உங்கள் இடத்துக்குள் வரும் பாதை. ஹேண்ட்செட் என்பது கையில் பிடிக்கும் கருவி. மூன்றாவது, ஒரே நேரத்தில் எத்தனை வெளி அழைப்புகள் நடக்க முடியும் என்பது. பழைய செம்புக்கம்பி இணைப்பில் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுதான், இரண்டு லைன் என்றால் இரண்டு பேச்சு. இணையம் வழிப் போனில் அப்படி இல்லை. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஐந்து பேர் தனித்தனியாக ஐந்து வெளி ஆட்களிடம் பேசலாம், சேவை நிறுவனம் எத்தனை அழைப்புகளை அனுமதிக்கிறது, உங்கள் பேஸ் எத்தனையைத் தாங்குகிறது என்பதுதான் அங்கே கணக்கு.

பேஸ் என்றால் ஹேண்ட்செட்டுகள் எல்லாம் ரேடியோவில் பேசும் அந்த மையப் பெட்டி. அதன் விவரத்தாளில் ஹேண்ட்செட் எண்ணிக்கைக்கும் அழைப்பு எண்ணிக்கைக்கும் தனித்தனி வரிகள் இருக்கும். உதாரணமாக கிகாசெட் என்510 ஐபி ப்ரோ என்ற பேஸில் 6 ஹேண்ட்செட் சேர்க்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் 4 அழைப்புகள்தான். பானாசோனிக் கேஎக்ஸ்-டிஜிபி600-இல் 8 ஹேண்ட்செட், 8 அழைப்பு. இந்த மாடல்களைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை, எந்த இரண்டு எண்களைத் தேட வேண்டும் என்று காட்டத்தான் சொன்னேன்.

படி 1: எத்தனை லைன் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

ஆளுக்கு ஒரு லைன் தேவையே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது அரிது. ஆனால் "ரெண்டு போதும்னு நினைக்கிறேன்" என்று மனக்கணக்கில் முடிவெடுத்தாலும் தப்பாகத்தான் போகும். ஒரு வாரத்துக்கு ஒரு தாள் வையுங்கள். யார் போன் எடுத்தாலும், வந்த அழைப்போ போட்ட அழைப்போ, நேரத்தையும் தோராயமாக எத்தனை நிமிடம் என்பதையும் குறிக்கட்டும். வார முடிவில் எந்த ஒரு மணி நேரம் மிகவும் பரபரப்பாக இருந்தது என்று பாருங்கள். நாள் முழுக்க உள்ள சராசரியால் பயனில்லை. காலை பத்து மணிக்கு நெரிசல் என்றால் அந்தப் பத்து மணி நெரிசலுக்காகத்தான் போன் வாங்குகிறீர்கள்.

இதற்கு நூறு வருடத்துக்கும் மேலாகப் பயன்படும் ஒரு கணக்கு இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் கிராருப் எர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர் இதில் தன் முதல் கட்டுரையை 1909-இல் வெளியிட்டார். போன் நெரிசலை அளக்கும் அலகுக்கே இன்று எர்லாங் என்றுதான் பெயர். ஒரு மணி நேரத்தில் நடந்த எல்லாப் பேச்சு நிமிடங்களையும் கூட்டி 60-ஆல் வகுத்தால் எர்லாங் கிடைத்துவிடும்.

உங்கள் பரபரப்பான மணி நேரத்தில் 20 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நிமிடம், அதாவது 1 எர்லாங். "அறுபது நிமிடப் பேச்சு, ஒரு லைனிலேயே அடங்கிவிடுமே" என்று தோன்றும். அழைப்புகள் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அடங்கும், ஆனால் அவை வரும்போது மூன்று சேர்ந்து வரும், அப்புறம் பத்து நிமிடம் எதுவுமே வராது. எர்லாங்கின் சூத்திரப்படி ஒரு லைன் இருந்தால் பாதி அழைப்புகள் பிஸி டோன் கேட்டுத் திரும்பிப் போகும். இரண்டு லைன் இருந்தால் 20 சதவீதம், மூன்று இருந்தால் சுமார் 6 சதவீதம், நான்கு இருந்தால் ஒன்றரை சதவீதம். இரண்டாவது லைனிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது எவ்வளவு குறைகிறது பாருங்கள். ஐந்தில் ஒருவர் திரும்பிப் போவதற்கும் பதினாறில் ஒருவர் போவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு லைன்தான். பிஸி டோன் கேட்டவர் மறுபடி மறுபடி போடுவார் என்பதை இந்தச் சூத்திரம் சேர்த்துக்கொள்ளாது, ஆகவே நிஜ நிலைமை இதைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருக்கும்.

ஃபேக்ஸ், அலாரம், கார்டு தேய்க்கும் கருவி போன்ற எதுவும் இதே லைனில் தொங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அவை லைனைப் பிடித்திருக்கும் நேரமும் பேச்சு நேரம்தான்.

வீட்டுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். வீட்டில் இருந்தே தொழில் செய்பவர் என்றால் வீட்டு எண் ஒன்று, தொழில் எண் ஒன்று, இரண்டு லைன் தாராளம்.

படி 2: லைன் எந்த வடிவத்தில் வருகிறது?

கடைக்குப் போவதற்கு முன்னால் சுவருக்குப் போங்கள். எந்தப் போன் உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பாதிக்குமேல் இந்த இடமே தீர்மானித்துவிடும்.

சுவர் சாக்கெட்டிலிருந்து வரும் போன் வயரைக் கழற்றி, அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே பொன்னிறத்தில் மெல்லிய தகடுகள் தெரியும். இரண்டு இருந்தால் அது ஒரு லைன் வயர். நான்கு இருந்தால் இரண்டு லைன் போகக்கூடிய வயர்: நடுவில் உள்ள இரண்டும் முதல் லைன், ஓரத்தில் உள்ள இரண்டும் இரண்டாவது. முதல் வகையை ஆர்ஜே-11 என்றும் இரண்டாவதை ஆர்ஜே-14 என்றும் சொல்வார்கள், வெளித்தோற்றத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், ஒன்றின் இடத்தில் மற்றொன்று கச்சிதமாக உட்காரும். "ரெண்டாவது லைன் வரவே இல்லை, போன் பழுது" என்று புகார் வரும் இடங்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். புதுப் போனோடு வந்த நான்கு தகடு வயர் பெட்டிக்குள்ளேயே கிடக்க, பழைய இரண்டு தகடு வயரைச் சொருகியிருப்பார்கள்.

நான்கு தகடு வயர் போட்டும் வேலை செய்யவில்லை என்றால், சாக்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது ஜோடிக் கம்பி இணைக்கப்படவே இல்லை என்று அர்த்தம், அல்லது இரண்டு லைனும் வேறு வேறு சாக்கெட்டில் இருக்கலாம். இரண்டு தனி லைன்களை ஒரே நான்கு தகடு முனையில் சேர்க்கும் சின்ன அடாப்டர் கிடைக்கும். வாங்கும்போது கவனம். ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கும் அடாப்டரும் பார்க்க இதே மாதிரி இருக்கும், அது இங்கே உதவாது. சில போன்களில் பின்பக்கம் லைன் 1, லைன் 2 என்று இரண்டு தனித் துளைகளே இருக்கும், அங்கே இந்தத் தலைவலி இல்லை.

அதே செம்புக்கம்பியில் டிஎஸ்எல் இணையமும் வருகிறது என்றால், போனுக்கு முன்னால் ஃபில்டர் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பேச்சில் இரைச்சல் வரும், மணி அடிக்கும்போது இணையம் அறுந்து போகும்.

இப்போது பல இடங்களில் செம்புக்கம்பி போய், ஃபைபர் மோடத்தின் பின்னால் உள்ள போன் துளையிலிருந்து டயல் டோன் வருகிறது. அப்படி இரண்டு துளைகள் இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு லைன், மேலே சொன்ன அடாப்டரை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே துளை என்றால், அதில் இரண்டாவது அழைப்பு கால் வெயிட்டிங்காக வரலாம். அது இரண்டாவது லைன் ஆகாது, ஒருவர் பேசும்போது இன்னொருவர் வெளியே பேச முடியாது.

மூன்றாவது வகை எஸ்ஐபி கணக்கு, அதாவது இணையம் வழிப் போன். சேவை நிறுவனம் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரும், போன் பேஸை நெட்வொர்க் வயரில் நேராக இணைத்துவிடுவீர்கள். சுவர் சாக்கெட் என்ற பேச்சே இல்லை.

செம்புக்கம்பியில் இரண்டு லைன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: முதல் எண் பிஸியாக இருந்தால் அழைப்பு தானாக இரண்டாவது எண்ணுக்குத் தாவும் வசதி. ஹன்டிங் என்று சொல்வார்கள். இது சேவை நிறுவனத்தின் பக்கத்தில் செய்து தர வேண்டியது, போனில் வராது. இது இல்லாமல் இரண்டாவது லைன் வாங்கினால், எல்லோரும் தெரிந்த முதல் எண்ணுக்கே போட்டு பிஸி டோன் கேட்டுக்கொண்டிருப்பார்கள், இரண்டாவது லைன் சும்மா கிடக்கும்.

படி 3: எந்த வகை உங்களுக்கு?

இரண்டு லைன் அனலாக் கார்ட்லெஸ், அதாவது செம்புக்கம்பியிலோ மோடத்தின் போன் துளையிலோ நேராகச் சொருகும் வகை, எளிமையானது. வயரைச் சொருகினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு ஹேண்ட்செட்டிலும் லைன் 1, லைன் 2 பட்டன் இருக்கும். நான்கு லைன் அனலாக் செட்டும் உண்டு, ஆனால் பெரும்பாலும் அது வயருள்ள மேசைப் போன், அதோடு சேர்த்துக்கொள்ளும் கார்ட்லெஸ் ஹேண்ட்செட் என்ற வடிவத்தில் வரும்.

எஸ்ஐபி டெக்ட் பேஸ் என்பது அடுத்தது (டெக்ட் என்பது கார்ட்லெஸ் போன்களின் ரேடியோ தரம், படி 4-இல் வருகிறது). நான் மேலே சொன்ன இரண்டு மாடல்களும் இந்த வகைதான். யாருக்கு எந்த எண், எந்த ஹேண்ட்செட் எப்போது அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் கணினியில் பிரவுசரைத் திறந்து அமைக்கலாம். ஒருவர் புதிதாகச் சேர்ந்தால் ஹேண்ட்செட் ஒன்று வாங்கிப் பதிவு செய்தால் போதும், கம்பி இழுக்க வேண்டாம்.

ஏற்கனவே அலுவலகத்தில் பிபிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் பெட்டி (வெளி லைன்களை உள்ளே இருக்கும் போன்களுக்குப் பங்கிடும் கருவி) இருந்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், பல லைன் போனே வேண்டாம். அதன் ஒவ்வொரு அனலாக் எக்ஸ்டென்ஷனிலும் சாதாரண ஒரு லைன் கார்ட்லெஸ்ஸை மாட்டினால் போதும், லைன் பங்கிடும் வேலையை எக்ஸ்சேஞ்ச் பார்த்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபர் செய்ய ஃபிளாஷ் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எக்ஸ்சேஞ்சோடு வந்த பிரத்யேக மேசைப் போன்களின் துளை பல நேரம் டிஜிட்டல், அதில் சாதாரணப் போனை மாட்டக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு லைன், நான்கு ஹேண்ட்செட், செம்புக்கம்பியோ மோடம் துளையோ இருக்கிறது என்ற நிலையில் இரண்டு லைன் அனலாக் செட்டே நிம்மதி. மூன்று அழைப்புகள் ஒரே நேரத்தில் தேவைப்படும் இடம் வந்துவிட்டால் எஸ்ஐபிக்குப் போய்விடுங்கள். நடுவில் அடாப்டர் மேல் அடாப்டராக அடுக்கி அனலாக்கை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு இணைப்பு தளர்ந்தாலும் எது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

இரண்டு லைன் அனலாக் செட்டை வாங்கும் முன் விவரத்தாளில் சில விஷயங்களைத் தோண்டிப் பாருங்கள். இரண்டு கார்ட்லெஸ் ஹேண்ட்செட்டுகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு லைனில் பேச முடியுமா? இரண்டு லைனுக்கும் வேறு வேறு மணிச் சத்தம் வைக்கலாமா? வீட்டில் இருந்து தொழில் செய்பவருக்கு இது மிக முக்கியம், மணி அடித்ததுமே எந்தக் குரலில் "ஹலோ" சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆன்சரிங் மெஷின் இருந்தால் லைனுக்கு ஒரு வாழ்த்து, லைனுக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைக்கிறதா? வெளியே பேசும்போது எந்த லைனை முதலில் எடுக்க வேண்டும் என்று ஹேண்ட்செட் வாரியாக அமைக்கலாமா? குழந்தைகள் கையில் இருக்கும் ஹேண்ட்செட்டில் தொழில் லைன் மணியே அடிக்காதபடி வைக்க முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பல செட்டுகளில் "முடியும்" என்றுதான் பதில், ஆனால் மெனுவில் ஆழத்தில் ஒளிந்திருக்கும்.

படி 4: ரேடியோ எட்டுமா?

இன்றைய கார்ட்லெஸ் போன்களில் பெரும்பாலானவை டெக்ட் என்ற தரத்தில் ஓடுகின்றன. ஐரோப்பாவில் 1990-களின் தொடக்கத்தில் உருவானது. அங்கே 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ். வட அமெரிக்கப் பெட்டிகளில் "டெக்ட் 6.0" என்று போட்டிருக்கும், அந்த 6.0 வெறும் விற்பனைப் பெயர்தான், 6 கிகாஹெர்ட்ஸ் என்று அர்த்தமில்லை. இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, வைஃபை ஓடும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பக்கமே டெக்ட் வராது, ஆகவே ஒன்றையொன்று கெடுக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பழைய கார்ட்லெஸ்ஸை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். இரண்டு, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கி வந்த செட் உங்கள் நாட்டு அலைவரிசையில் இல்லாமல் போகலாம். ஒரு நாட்டில் கார்ட்லெஸ்ஸுக்கு ஒதுக்கிய அலைவரிசை இன்னொரு நாட்டில் மொபைல் சேவைக்குப் போயிருக்கும், அங்கே அதைப் பயன்படுத்துவது சட்டப்படி தப்பு. அழைப்பவர் எண்ணைக் காட்டும் முறையும் நாட்டுக்கு நாடு மாறும், அந்தப் போனில் எண்ணே தெரியாமல் போகக்கூடும்.

பெட்டியில் "உள்ளே 50 மீட்டர், வெளியே 300 மீட்டர்" என்று இருக்கும். தடையே இல்லாத இடத்தில் வரும் கணக்கு அது. கம்பி போட்ட கான்கிரீட் சுவர், லிஃப்ட் கூடு, இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன்தொட்டி எல்லாமே அலையைத் தின்னும். எதையும் நம்பாமல் நடந்து பாருங்கள். பேஸை வைக்க நினைக்கும் இடத்தில் தற்காலிகமாக வைத்து, ஒருவரை இன்னொரு ஹேண்ட்செட்டோடு அதன் பக்கத்தில் உட்கார வைத்து, இன்டர்காமில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொரு அறையாக, கதவைச் சாத்திக்கொண்டும் நடந்து போங்கள். எந்த எண் விடுபட்டது என்று காதிலேயே தெரியும், அந்த இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. முடிந்ததும் பேஸை ஒரு மீட்டர் மேலே தூக்கி வைத்து, அல்லது இரும்பு ரேக்குக்குள் இருந்ததை வெளியே எடுத்து வைத்து, மறுபடி நடந்து பாருங்கள். பல இடங்களில் டேப் ஒட்டிய புள்ளிகள் பாதியாகக் குறைந்துவிடும், செலவே இல்லாமல்.

அப்படியும் எட்டவில்லை என்றால் ரிப்பீட்டர் என்ற வழி உண்டு. ஆனால் ரிப்பீட்டர் வழியாக ஒரே நேரத்தில் சில அழைப்புகள்தான் போகும், பல மாடல்களில் இரண்டே இரண்டு. வீட்டுத் தோட்டத்து அறைக்கு ஒன்று போதும். மூன்று மாடி அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் ரிப்பீட்டரை நம்பாதீர்கள், பல பேஸ்கள் ஒன்றோடொன்று ஒத்திசைந்து ஓடும் மல்டிசெல் அமைப்புக்குப் போங்கள். பேசிக்கொண்டே மாடி ஏறினால் அழைப்பு ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு அறுபடாமல் கைமாறும். அந்த ஒத்திசைவு சில அமைப்புகளில் ரேடியோ வழியாகவே நடப்பதால், அடுத்தடுத்த பேஸ்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

படி 5: குரல்

சாதாரணப் போன் பேச்சு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஹெச்டி குரல் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது "ஸ"வும் "ஃப"வும் குழம்பாது. எதிர்முனையும் நடுவில் உள்ள சேவையும் இதை ஏற்றால்தான் பயன், செம்புக்கம்பியில் கிடைக்காது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டெக்ட் தன் நேரத்தை 10 மில்லிசெகண்ட் சட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 24 கூறாக்கி, 12 போக, 12 வர என்று பங்கிடுகிறது. ஹெச்டி குரலுக்கு அதிக இடம் வேண்டும். அதனால் பல பேஸ்களில் ஹெச்டியை இயக்கினால் ஒரே நேர அழைப்புகளின் எண்ணிக்கை பாதியாகிவிடும். விவரத்தாளின் அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் படியுங்கள்.

எஸ்ஐபி என்றால் இணையத்தையும் பார்க்க வேண்டும். ஜி.711 என்ற வழக்கமான முறையில் ஓர் அழைப்புக்குப் போகும் திசையில் சுமார் 87 கிலோபிட், வரும் திசையில் அதே அளவு, ஒவ்வொரு நொடிக்கும். எட்டு அழைப்புக்கு 700 கிலோபிட் கூட ஆகாது. வேகம் பிரச்சினையே இல்லை. யாராவது பெரிய கோப்பை மேலேற்றும்போது குரல் வெட்டி வெட்டி வருவதுதான் பிரச்சினை, அதற்கு ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பை இயக்கி வையுங்கள்.

படி 6: கையில் எடுத்துப் பாருங்கள்

யார் பயன்படுத்தப் போகிறார்களோ அவர் கையிலேயே கொடுங்கள். அம்மாவுக்கு என்றால் அம்மா எண்களை அழுத்திப் பார்க்கட்டும், மணிச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கிறதா என்று பார்க்கட்டும். காதுக்கருவி போட்டிருப்பவர் என்றால் அதோடு பொருந்தும் என்று குறிப்பிட்ட மாடலையே எடுங்கள். நாள் முழுக்கப் பேசுபவருக்கு ஹெட்செட் துளை அவசியம், அது 2.5 மில்லிமீட்டரா 3.5 மில்லிமீட்டரா என்று பார்த்து ஹெட்செட் வாங்குங்கள். கிடங்கு, பட்டறை என்றால் தூசும் தண்ணீரும் தாங்கும் உறுதியான ஹேண்ட்செட்டுகள் தனியாக வருகின்றன.

பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். ஏஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் இரண்டு இருந்தால் நல்லது, தேய்ந்ததும் எங்கே வேண்டுமானாலும் வாங்கி மாற்றலாம். தனி வடிவ பேட்டரி என்றால் சில வருடங்கள் கழித்து அது கிடைக்குமா என்ற கவலை கூடவே வரும். சாதாரண ஆல்கலைன் செல்லை மட்டும் போட்டுச் சார்ஜ் தொட்டிலில் வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது கசியும், வெடிக்கவும் வாய்ப்பிருக்கிறது.

பிராண்டு கலப்பது பற்றி ஒரு வார்த்தை. கேப் என்ற பொதுத்தரம் இருந்தால் ஒரு நிறுவன ஹேண்ட்செட் இன்னொரு நிறுவன பேஸில் பேசும், மணி அடிக்கும். லைன் பட்டன், பொதுவான பெயர்ப் பட்டியல், யார் எந்த லைனில் இருக்கிறார்கள் என்ற விளக்கு ஆகியவை பெரும்பாலும் வராது, பல லைன் போனை வாங்குவதே அவற்றுக்காகத்தானே. அதே நிறுவனத்தின் ஹேண்ட்செட்டுகளையே எடுங்கள், கூடுதல் ஹேண்ட்செட் இன்னும் தனியாக விற்பனையில் இருக்கிறதா என்று வாங்கும் நாளிலேயே கேளுங்கள்.

படி 7: மின்சாரம் போனால்

கார்ட்லெஸ் பேஸுக்கு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் ஹேண்ட்செட்டில் முழு சார்ஜ் இருந்தும் பேச முடியாது. செம்புக்கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் வருவதால், அதில் வயருள்ள சாதாரணப் போன் ஒன்றை மாட்டி வைத்தால் இருட்டிலும் அது வேலை செய்யும். ஃபைபர், எஸ்ஐபி என்றால் அந்த வசதி இல்லை. மோடம், ரூட்டர், ஸ்விட்ச், பேஸ் எல்லாவற்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்ட வேண்டும், ஒன்றை விட்டாலும் போன் கிடையாது. மாட்டிய பிறகு யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி ஓர் அழைப்புப் போட்டுப் பாருங்கள். எஸ்ஐபி சேவையில் அவசர எண்ணுக்குப் போட்டால் எந்த முகவரி போகும் என்று கேட்டு, அதைச் சரியாகப் பதிவு செய்துகொள்வதும் இந்த நாளிலேயே முடிய வேண்டும்.

படி 8: பூட்டி வையுங்கள்

2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டில் சில ஆய்வாளர்கள் மலிவான ஒரு லேப்டாப் கார்டை வைத்து, குறியாக்கம் இல்லாத டெக்ட் பேச்சுகளைக் கேட்க முடியும் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு தரத்தில் பாதுகாப்பு கூட்டப்பட்டது. ஆகவே குறியாக்கம் இருக்கிறதா, அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், மிகப் பழைய செட்டை மருத்துவமனைக்கோ வழக்கறிஞர் அலுவலகத்துக்கோ வைக்காதீர்கள். பேஸின் பின் எண் பெரும்பாலும் 0000 என்றுதான் வரும், முதல் நாளே மாற்றுங்கள். எஸ்ஐபி பேஸின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டு, அதை வெளி இணையத்துக்கும் திறந்து வைத்தால், யாரோ எங்கிருந்தோ உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்கு இரவு முழுக்கப் பேசிவிடுவார்கள், பில் உங்களுக்கு வரும். சர்வதேச அழைப்பு தேவையில்லை என்றால் சேவை நிறுவனத்திடம் சொல்லி அடைத்துவிடுங்கள்.

படி 9: பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். முதலில் ஹேண்ட்செட்டுகளை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். ஒவ்வொன்றாகப் பதிவு செய்து "ஹேண்ட்செட் 3" என்று விடாமல் "வரவேற்பு", "மாடி", "கணக்கு" என்று பெயர் வையுங்கள், டிரான்ஸ்ஃபர் செய்யும்போது இதன் அருமை தெரியும்.

பிறகு இரண்டு மொபைலை எடுத்து இரண்டு எண்ணுக்கும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஒன்றை எடுத்து ஹோல்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள், முதல் ஆளுக்கு ஹோல்டு இசை கேட்கிறதா, அழைப்பு அறுந்ததா? ஹோல்டில் இருப்பதை வேறொரு ஹேண்ட்செட்டிலிருந்து எடுக்க முடிகிறதா? மாடிக்கு டிரான்ஸ்ஃபர் செய்து, மாடியில் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு உங்களிடமே திரும்பி வருகிறதா? எல்லா லைனும் பிஸியாக இருக்கும்போது மூன்றாவது ஆள் போட்டால் அவருக்கு என்ன கேட்கிறது? இதையெல்லாம் பயன்படுத்தப் போகிறவர்களையே செய்யச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

கடைசியாக, ஒருவர் லைன் 1-இல் வெளியாளோடு பேசிக்கொண்டிருக்கும்போது, அடுத்த அறையில் இருப்பவர் எதையும் யோசிக்காமல் தன் ஹேண்ட்செட்டை எடுத்துப் பேசும் பட்டனை அழுத்தட்டும். அவர் காதில் லைன் 2-இன் டயல் டோன் கேட்டால் செட்டை வைத்துக்கொள்ளலாம். முதல் ஆளின் பேச்சு கேட்டால், ஹேண்ட்செட் அமைப்பில் "காலியான லைனைத் தானாக எடு" என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கிறதா, நடக்கும் பேச்சில் மற்றவர் நுழைவதைத் தடுக்கும் தேர்வு இருக்கிறதா என்று தேடி மாற்றிவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள். அப்போதும் பேச்சுதான் கேட்கிறது என்றால், பெட்டி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது, கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.